விளைச்சல் கணக்கில் ஏறாத உடல்

2017ஆம் ஆண்டுப் பருத்திப் பருவத்தில், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வாந்தியும் மூச்சுத்திணறலும் பார்வை மங்கலுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். சொந்த நிலத்தில் அடித்த சிறு விவசாயிகளும் நாள்கூலிக்கு அடித்தவர்களும் அவர்களில் உண்டு. அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலிருந்தும் இத்தகைய மரணச் செய்திகள் வந்தன. பிறகு வழக்கமான காரணப் பட்டியல் வெளியாயிற்று: முகக்கவசம் இல்லை, கையுறை இல்லை, காற்றின் திசை பார்க்கவில்லை, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்தார்கள். பட்டியலில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் வேறு சிலவும் சேர்ந்துவந்திருந்தன. செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததால் தெளித்த மருந்து முகத்துக்கு நேரே மிதந்தது. காய்ப்புழுவைத் தானே கொல்லும் என்று விற்கப்பட்ட ரகங்களை இளஞ்சிவப்புக் காய்ப்புழு துளைக்கத் தொடங்கியிருந்தது. பேட்டரியில் ஓடும் ஸ்பிரேயர்கள் மருந்தை நுண்துளிகளாக வேகத்தோடு தள்ளின. மருந்துக்கடையில் மோனோகுரோட்டோபாஸ் சட்டப்படியே விற்பனையில் இருந்தது.

முதல் பட்டியலில் உள்ளவை எல்லாம் மருந்து அடிப்பவரின் தவறுகள். இரண்டாவது பட்டியலில் ஒன்றுகூட அவர் தீர்மானித்ததில்லை. எந்த உயரத்துக்கு வளரும், எத்தனை மாதம் நிற்கும் செடி விற்பனைக்கு வர வேண்டும் என்பதை விதை நிறுவனமும் ஆராய்ச்சி நிலையமும் முடிவுசெய்தன. எந்த நஞ்சு கடைக்கு வரலாம் என்பதைப் பதிவுக் குழு முடிவுசெய்தது. துளி எவ்வளவு நுண்மையாக இருக்க வேண்டும் என்பது தெளிப்பானை வடிவமைத்தவரின் கையில் இருந்தது. வயலுக்குள் ஆள் இறங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆபத்தின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆகவே வேளாண் தொழிலாளியின் பாதுகாப்பை, பயிர்த் தொழில்நுட்பம் தயாரான பிறகு அதன்மேல் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டாகப் பார்ப்பது அறிவியல்ரீதியாகவே பிழை. விளைச்சல், பூச்சி எதிர்ப்பு, செலவு ஆகியவற்றை அளக்கும் அதே ஆய்வில் தெளிப்பவரின் உடலில் எவ்வளவு ஏறுகிறது என்பதும் அளக்கப்பட வேண்டும். அது அளக்கப்படாதபோது லாபம் என்று காட்டப்படும் தொகையின் ஒரு பங்கு வேறொருவரின் நரம்பு மண்டலத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும்.

நஞ்சு உடலுக்குள் எப்படிப் போகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது; முகக்கவசத்தைப் பற்றிய நம் பேச்சு முழுவதும் மூக்கையே சுற்றிவருகிறது. வயலில் மருந்து தெளிப்பவர்களின் உடலில் படிவதை அளந்த ஆய்வுகள் அறுபதுகளிலிருந்தே சொல்லிவருவது, பெரும்பங்கு தோல் வழியாகவே ஏறுகிறது என்பதை. முதுகில் தொட்டியைச் சுமந்து, கைக்குழலை முன்னால் நீட்டி நடப்பவர், தான் சற்றுமுன் நனைத்த செடிகளுக்குள்ளேயே நடக்கிறார். கால், தொடை, கை எல்லாம் நனைகின்றன. தொட்டி ஒழுகினால் முதுகும் நனைகிறது. மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் நரம்புச் சமிக்ஞையை நிறுத்திவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. பூச்சியில் நடப்பதுதான் மனிதரிலும் நடக்கிறது, அளவுதான் வேறு. சமிக்ஞை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க, எச்சில் வடிகிறது, கண்பாவை சுருங்குகிறது, தசை துடிக்கிறது, கடைசியில் மூச்சுவிடும் தசை ஓய்ந்துபோகிறது. முடங்கிய நொதியை உடல் புதிதாக ஈடுகட்ட வாரக்கணக்கில் ஆகும். எனவே திங்களன்று ஓர் ஏக்கர், வியாழனன்று அடுத்தவர் காட்டில் இரண்டு ஏக்கர் என்று கூலிக்கு அடிப்பவருக்கு ஒவ்வொரு நாளும் புதுக்கணக்கு தொடங்குவதில்லை. முந்தைய நாளின் பாக்கியோடுதான் அவர் தொட்டியைத் தூக்குகிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பரிந்துரை எழுதப்படுகிறது. உடலில் ஏறுவதோ ஆளுக்கு இவ்வளவு.

தோலை மறைக்கும் முழு உடுப்பு கொடுத்தால் தீராதா என்று கேட்கலாம். செப்டம்பர் மாதப் புழுக்கத்தில், பருத்திக்குள் காற்றோட்டமே இல்லாத இடத்தில், ரப்பர் கையுறையும் நீர்புகா உடுப்பும் அணிந்து ஒருவர் நான்கு மணி நேரம் 15 கிலோ சுமந்து நடக்க முடியாது. நடந்தால் வெப்பத்தாக்கில் விழுவார். வியர்வையில் நனைந்து, சரியாகக் கழுவப்படாத பருத்தித்துணிக் கவசமோ மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். இதை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அது 1985இல் உருவாக்கிப் பிறகு திருத்திய, இன்று உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் பூச்சிக்கொல்லி நடத்தை நெறி, அணிய வசதியற்ற, விலை கூடிய அல்லது எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடுப்பு தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. வெப்பநாடுகளின் சிறு விவசாயிகளையும் பண்ணைத் தொழிலாளர்களையும் குறிப்பாகச் சுட்டியே இதைச் சொல்கிறது. இந்த விதியை நேர்மையாகப் படித்தால் பொருள் ஒன்றுதான்: உடுப்பு இல்லாமல் அடிக்க முடியாத மருந்து, உடுப்பு அணிய முடியாத ஊருக்கு வரக் கூடாது. நம் பதிவு நடைமுறை இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. லேபிளில் சொன்னபடி பயன்படுத்தினால் பாதுகாப்பானது என்ற நிபந்தனையின் பேரில் மருந்து உள்ளே வருகிறது. அந்த நிபந்தனை எந்தக் காட்டிலும் நிறைவேறுவதில்லை என்பது அனுமதி தருபவர், விற்பவர், வாங்குபவர் மூவருக்கும் தெரியும்.

ஆபத்து தெளிப்பவரோடு நிற்பதில்லை. 2003 பருவத்தில் மூன்று இந்திய கிராமங்களில் பருத்தி விவசாயம் செய்யும் 50 பெண்களிடம், தங்களுக்கும் வீட்டு ஆண்களுக்கும் மருந்து அடித்தபின் தோன்றும் அறிகுறிகளை அவ்வப்போதே குறித்துவரும்படி சொல்லி பிரான்செஸ்கா மான்சினியும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். பதிவான 323 நிகழ்வுகளில் 83.6 சதவீதத்தில் ஏதோ ஒரு நச்சு அறிகுறி இருந்தது. நூற்றுக்கு ஆறு தெளிப்புகளில் நரம்பு பாதிப்பு மிகக் கடுமை. ஆயினும் ஒருவர்கூட மருத்துவரிடம் போகவில்லை. நில உடைமையாளர்களைவிட வறிய குறுவிவசாயிகளே கடுமையான பாதிப்புக்கு அடிக்கடி உள்ளானார்கள். அந்த ஆய்வு வெளிக்கொணர்ந்த இன்னொரு விஷயம், அடர் மருந்தைத் தண்ணீரில் கலக்குவதும் தொட்டியை நிரப்பித் தருவதும் பெரும்பாலும் பெண்கள் வேலை என்பது. தெளிப்பவர் கையாளுவது நீர்த்த கரைசல். கலக்குபவர் தொடுவது புட்டியில் உள்ள சரக்கு. ‘மருந்து அடிப்பவர்’ என்று எண்ணும் எந்தக் கணக்கெடுப்பிலும் அந்தப் பெண் வருவதில்லை.

எண்ணுவது யார், எதை எண்ணுகிறார்கள் என்ற கேள்வியை இந்தத் துறையில் முதலில் வலுவாக எழுப்பியவர்களில் ஒருவர் இலங்கையிலும் பின்னர் சிங்கப்பூரிலும் பணியாற்றிய தொழில்சார் மருத்துவ ஆய்வாளர் ஜே. ஜெயரத்தினம். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சால் மருத்துவமனையில் சேர்கிறார்கள், ஏறக்குறைய 1,000 பேர் இறக்கிறார்கள் என்று காட்டியது. ஆனால் மருத்துவமனைக்கு வராதவர்கள்? 1990இல் அவர், வளரும் நாடுகளின் வேளாண் தொழிலாளர்களில் ஆண்டுக்கு 3 சதவீதம் பேர், அதாவது சுமார் 2.5 கோடிப் பேர், வேலையினூடே நஞ்சேறலுக்கு ஆளாகலாம் என்று மதிப்பிட்டார். மதிப்பீடுதான்; சில வயல் ஆய்வுகளிலிருந்து பெருக்கிப் பெற்ற எண். இதைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் மூன்று கிராமங்களில் ஒருவர்கூட மருத்துவரிடம் போகவில்லை என்ற செய்தியோடு சேர்த்துப் பார்த்தால், மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் நம்புகிற எந்த எண்ணும் உண்மைக்குக் கீழேதான் இருக்கும் என்பது உறுதி.

பிலிப்பைன்ஸில் ஒரு முழுக் கணக்கே போட்டுப் பார்த்தார்கள். நெல் ஆராய்ச்சியின் தலைமையிடமான லாஸ் பானோஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தே அந்த ஆய்வு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆக்னஸ் ரோலாவும் பிரபு பிங்கலியும் 1993இல் வெளியிட்ட நூலில் விளைச்சல், மருந்துச் செலவு ஆகியவற்றோடு விவசாயியின் உடல்நலச் செலவையும் ஒரே ஏட்டில் எழுதினார்கள். மருத்துவச் செலவு, இழந்த வேலைநாள், குன்றிய உழைப்புத் திறன் எல்லாம் ஏட்டில் ஏறியதும் அட்டவணைப்படி மருந்து அடிப்பதன் லாபம் கரைந்துபோயிற்று. பூச்சியை அதன் இயற்கை எதிரிகளிடம் விட்டுவிடும் முறை எல்லாவற்றையும்விட ஆதாயமாக நின்றது. நெல்லில் இப்படி நேர்வதற்கு உயிரியல் காரணம் உண்டு. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி பெருகுவதே பல நேரம் மருந்தால்தான். மருந்து சிலந்தியையும் நீர்ப்பரப்பில் வேட்டையாடும் பூச்சிகளையும் முதலில் கொல்கிறது, தண்டுக்குள் முட்டையிட்ட புகையான் தப்பித்து எதிரியில்லாத வயலில் பெருகுகிறது. இந்தோனேசியா இதை உணர்ந்து 1986இல் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 மருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது. மருந்துக்கான பெரும் மானியத்தையும் படிப்படியாக நீக்கியது. நெல் உற்பத்தி இடிந்துவிழவில்லை.

பயிர்த் தொழில்நுட்பமே தொழிலாளியைக் காக்க முடியும் என்பதற்கும், அது தேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே சான்றாக நிற்பது பிடி பருத்தி. இதைப் பற்றிய விவாதம் இந்தியாவில் இரு அணிகளாகப் பிரிந்து கெட்டுப்போயிருக்கிறது. ஓர் அணிக்கு அது மீட்பர், மற்றதற்குக் கொலையாளி. ஆதாரமோ இரண்டையும்விடச் சுவாரசியமானது. 2002இல் அனுமதி பெற்ற இந்தப் பருத்தி, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியத்தின் மரபணுவால் தன் திசுவிலேயே காய்ப்புழுவுக்கான நஞ்சை உற்பத்தி செய்கிறது. ஷாஹ்சாதி கௌசரும் மத்தின் கெய்மும் 2002 முதல் 2008 வரை மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் ஒரே விவசாயிகளைத் திரும்பத் திரும்பக் கண்டு திரட்டிய தரவைக் கொண்டு 2011இல் எழுதிய கட்டுரை, பிடி பருத்தியால் மருந்துப் பயன்பாடு பாதியாகக் குறைந்தது என்றும், அதனால் ஆண்டுக்குக் குறைந்தது 24 லட்சம் நஞ்சேறல் நிகழ்வுகள் தவிர்ந்தன என்றும் கணக்கிட்டது. மிகவும் நச்சுள்ள மருந்துகளில் குறைவு அதிகம். இந்த எண் சற்று மிகையாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் திசையில் சந்தேகம் இல்லை. எந்தக் கையுறை விநியோகமும், எந்த விழிப்புணர்வு முகாமும் இதன் அருகில் வர முடியாது. பாதுகாப்பு விதைக்குள் இருந்தது. தொழிலாளி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பின்பு நடந்தது வேறு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவுக்குப் பழகிவிட்டது 2010வாக்கில் குஜராத்தில் உறுதியாயிற்று. 2006இல் வந்த இரட்டை மரபணு ரகத்தையும் அடுத்த சில ஆண்டுகளில் அது வென்றது. வெள்ளை ஈ, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகளுக்கு இந்த மரபணுவால் ஒன்றும் ஆவதில்லை. அவற்றுக்கு எளிதில் இரையாகும் வீரிய ரகங்கள் நாடு முழுக்கப் பரவின. கேசவ் கிராந்தியும் கிளென் ஸ்டோனும் 2020இல் வெளியிட்ட இருபதாண்டுத் தரவு ஆய்வு, 2018இல் இந்தியப் பருத்தி விவசாயி ஹெக்டேருக்குப் பூச்சிமருந்துக்குச் செலவிட்ட தொகை, பிடி பருத்தி வருவதற்கு முன் செலவிட்டதைவிடக் கூடிவிட்டது என்று காட்டியது. கிராந்தி நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். வெளியிலிருந்து கல் எறிபவர் அல்லர். கௌசர்–கெய்ம் கட்டுரையும் கிராந்தி–ஸ்டோன் கட்டுரையும் ஒன்றையொன்று மறுப்பதாகப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அவை ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியுமாகவே தெரிகின்றன. முன்பாதியில் தவிர்ந்த நஞ்சேறல்கள் பின்பாதியில் திரும்பிவந்தன. யவத்மால் அந்தப் பின்பாதியில் நடந்தது.

இந்தத் தேய்வு விதிவசமாக நடந்துவிடவில்லை. அமெரிக்கா இதே பிடி பருத்தியை, மலட்டுப் பூச்சிகளை வெளிவிடுதல், இனக்கவர்ச்சிப் பொறி ஆகியவற்றோடு இணைத்து, தன் பருத்திப் பகுதிகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவையே ஒழித்துவிட்டதாக 2018இல் அறிவித்தது. ஏறத்தாழ எல்லா நாடுகளும் நேரான ரகங்களை நெருக்கமாக விதைத்து ஐந்தாறு மாதத்தில் பயிரை முடிக்க, இந்தியா மட்டும் வீரிய ஒட்டு விதையைத் தேர்ந்தது. ஒட்டு விதையை விவசாயி எடுத்துவைத்து மறுபருவம் விதைக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டும். விதைத்தொழிலுக்கு அது வசதி. விலை கூடிய விதை என்பதால் இடைவெளிவிட்டு ஊன்றுகிறார்கள். செடி புதராக, ஆள் உயரத்துக்கு, ஏழெட்டு மாதம்வரை நிற்கிறது. குளிர்காலத்தில் காய் வைத்திருக்கும் செடி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அடுத்தடுத்த தலைமுறைகளுக்கான வீடு. எதிர்ப்புத்திறன் பரவாமல் இருக்க வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியை ஊன்ற வேண்டும் என்ற புகலிட விதியைப் பெரும்பாலோர் பின்பற்றவில்லை. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்பது நடக்கிற காரியமும் இல்லை. ஆக, விதை வணிகத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு முடிவு, செடியின் உயரமாகவும் பயிரின் வயதாகவும் புழுவின் பெருக்கமாகவும் மாறி, கடைசியில் முகத்துக்கு நேரே மிதக்கும் மருந்தாக வந்து நின்றது. குறுகிய வயதுள்ள, உயரம் குறைந்த, நெருக்கி நடும் ரகங்களை இன்று ஆராய்ச்சி நிலையங்கள் பரிந்துரைக்கின்றன. காரணமாகச் சொல்லப்படுவது விளைச்சலும் இயந்திர அறுவடையும். தெளிப்பவரின் மார்புக்குக் கீழே நிற்கும் செடி என்பதும் ஒரு ரகத்தின் தகுதிதான் என்று எந்த வெளியீட்டுப் பரிந்துரையாவது சொல்ல வேண்டாமா?

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, பயிற்சி போதும் என்பது. மருந்து நிறுவனங்களும் வேளாண் துறைகளும் பல பத்தாண்டுகளாக இதைச் சொல்லிவருகின்றன. பயிற்சி பயனற்றது என்று சொல்ல மாட்டேன். பூச்சியையும் அதன் எதிரியையும் அடையாளம் காணக் கற்றுத்தந்த இந்தோனேசிய வயல்வெளிப் பள்ளிகள் தெளிப்பையே குறைத்தன. ஆனால் அந்தப் பயிற்சி மருந்தைத் தவிர்க்கக் கற்றுத்தந்தது. மருந்தைப் பாதுகாப்பாக அடி என்ற பயிற்சிக்கு, அடிப்பவருக்கு அதிகாரம் இருந்தால்தான் பொருள் உண்டு. நாள்கூலிக்கு வந்தவர் காற்று மாறிவிட்டது, நாளைக்கு அடிக்கலாம் என்று சொன்னால் நாளைக்கு வேறு ஆள் அடிப்பார். என்ன மருந்து, எத்தனை கலவை என்பதை அவர் கேட்பதில்லை. தொட்டி நிரம்பியே கைக்கு வருகிறது. கூடுதல் கூலி கொடுக்கிறோம், விரும்பித்தான் வருகிறார் என்பது இதன் கிளை வாதம். புட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரின் விருப்பத்தைச் சம்மதம் என்று சொல்ல இயலாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: மருந்தைத் தடைசெய்தால் விளைச்சல் விழும், விலை ஏறும், பசித்தவர்களே பாதிக்கப்படுவார்கள். இதற்கு நம் அருகிலேயே இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன, இரண்டும் இலங்கையில். முதல் சோதனை மெதுவாக, ஆராய்ந்து நடந்தது. 1984இல் பாரத்தியானும் மெத்தில் பாரத்தியானும், 1995இல் மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும், 1998இல் எண்டோசல்பானும், 2008க்குப் பின் படிப்படியாகப் பாராகுவாட், டைமெத்தோயேட், பென்தியான் ஆகியவையும் நீக்கப்பட்டன. 1995இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் அடுத்த பத்தாண்டில் பாதியாகக் குறைந்தது. விளைச்சல்? காமினி மனுவீரவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் இந்தக் கேள்வியையே எடுத்து ஆராய்ந்து, தடைகளுக்குப் பின் பயிர் விளைச்சலில் அவற்றால் ஏற்பட்ட சரிவு எதையும் காணவில்லை. இரண்டாம் சோதனை 2021இல் நடந்தது. ஒரே ஆணையில் எல்லா ரசாயன உரத்தின், பூச்சிமருந்தின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, சில மாதங்களிலேயே நவம்பரில் அரசு பின்வாங்கியது. இந்த இரண்டாம் சோதனையைக் காட்டி எந்தத் தடையும் கூடாது என்பவர்கள் முதல் சோதனையைச் சொல்வதில்லை. முதலாவதைச் சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் ஒழிக்கலாம் என்பவர்கள் இரண்டாவதை மறைக்கிறார்கள். ஒவ்வொரு மருந்தாக, அதற்கு மாற்று இருக்கிறதா என்று பார்த்து, மனித உயிருக்கு மிகக் கொடியதை முதலில் நீக்கினால் விளைச்சல் தாங்கும் என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு.

இலங்கையில் குறைந்தது தற்கொலை; வயலில் நேரும் நஞ்சேறலுக்கு அதை எப்படிச் சான்றாக்கலாம் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. குடித்தவரின் வயிற்றில் போனதும் தெளித்தவரின் தோலில் ஏறியதும் வேறு அளவு, வேறு வழி. ஆனால் அந்த மருத்துவமனைகளிலிருந்து தொழிலாளிக்கும் உதவும் ஓர் அறிவு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நச்சு வகைப்பாடு எலிகளில் செய்த சோதனையை அடிப்படையாகக் கொண்டது. இலங்கை மருத்துவமனைகளில் சேர்ந்த 9,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வு, மருந்துக்கு மருந்து இறப்பு விகிதம் பூஜ்யத்திலிருந்து 42 சதவீதம்வரை வேறுபடுவதைக் கண்டது. எலிக் கணக்கில் ஒரே வகுப்பில் வைக்கப்பட்ட மருந்துகள் மனிதரில் வெகுவாக வேறுபட்டன. மிதமான ஆபத்துள்ளது என்ற வகுப்பில் இருந்த பாராகுவாட்டுக்கு மாற்றுமருந்தே கிடையாது. அதாவது புட்டியின் மீதுள்ள நிற முக்கோணம் எலியைப் பற்றி உண்மை சொல்கிறது, மனிதரைப் பற்றி ஊகம் சொல்கிறது. அந்த முக்கோணத்தை நம்பிக் கையுறையைக் கழற்றியவரை என்னவென்று குறைசொல்வது?

நம் சட்டம் இதையெல்லாம் கவனிக்காமல் போனதற்கு அதன் பிறப்பே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் அமைந்த விசாரணையின் தொடர்ச்சியாக வந்ததே 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். உண்பவரைக் காக்கப் பிறந்த சட்டம் இன்றும் உண்பவரையே முதலில் பார்க்கிறது: கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது பயிருக்குப் பயிர் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தெளித்த காட்டுக்குள் களை எடுக்கவும் பஞ்சு பறிக்கவும் பெண்கள் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பதற்கு அந்தக் கண்டிப்பு இல்லை. கலிபோர்னியாவில் மறுநுழைவு இடைவெளி சட்டத்தால் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆர்கனோபாஸ்பேட்டைத் தொடர்ந்து கையாளுபவரின் ரத்தத்தில் நொதி அளவைச் சோதிக்க வேண்டும் என்ற விதி அங்கே 1974 முதல் இருக்கிறது. நம் 1971 விதிகளிலும் மருத்துவப் பரிசோதனை பற்றிய பகுதி உண்டு. ஊர் ஊராகக் கூலிக்கு அடிப்பவர் யாருடைய பதிவேட்டிலும் இல்லாததால் அது காகிதத்தோடு நிற்கிறது. மாநில அரசின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஒரு மாநிலம் ஒரு மருந்தை 60 நாள் நிறுத்திவைக்கலாம், மேலும் 30 நாள் நீட்டலாம். அதற்குமேல் மத்திய அரசின் முடிவு. 2022 இறுதியில் தமிழ்நாடு மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. இலங்கை 1995இல் விலக்கிய மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு மட்டும் 2005இல் தடுத்த இந்தியா, அதை முற்றாக விலக்க முனைந்தது 2023இல்தான்.

அடுத்த முடிவு இப்போதே எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. ட்ரோன் வந்தால் முதுகில் தொட்டி இல்லை, நனைந்த செடிக்குள் நடை இல்லை, ஆகவே சிக்கல் தீர்ந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தெளிப்பவரைப் பொறுத்தவரை இதில் பெரிய உண்மை இருக்கிறது. விலகி நிற்பதைவிட நல்ல கவசம் கிடையாது. ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணீரில் கலந்ததை ட்ரோனில் சுமார் 10 லிட்டரில் கலக்கிறார்கள். தொட்டியில் இருப்பது பல மடங்கு அடர்த்தியான கரைசல். அதைக் கலக்கவும் நிரப்பவும் கசிவைத் துடைக்கவும் ஒரு கை வேண்டும். பக்கத்துக் காட்டில் களை எடுப்பவர்மீது நுண்துளி விலகிப்போவதும் உண்டு. 2022இல், ஏற்கெனவே பதிவுபெற்ற 477 மருந்துகளை ட்ரோனில் பயன்படுத்த இரண்டாண்டுத் தற்காலிக அனுமதி ஒரே வீச்சில் தரப்பட்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் போகிறது. மான்சினியின் ஆய்வில் புட்டியைத் திறந்து தொட்டி நிரப்பிய பெண்களின் வேலை இப்போது சான்றிதழோடும் வருமானத்தோடும் வருகிறது. அந்த மதிப்பு நியாயமானதே. அதோடு அவர்களின் ரத்தத்தில் நொதி அளவு பருவத் தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்பதைக் குறிக்கும் ஓர் ஏடும் வர வேண்டும். செலவு அதிகமில்லை. ட்ரோனின் பரப்பளவையும் மருந்துச் சிக்கனத்தையும் அளக்க எப்படியும் வயலுக்குப் போகும் அதே ஆய்வுக்குழு, கையோடு ஒரு ரத்தப் பரிசோதனைக் கருவியையும் எடுத்துப்போகலாம். முடிவு மோசமாக வந்த மருந்துகளை 477இலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரலாம்.